வரத்திற்கேற்ற பணி: திருச்சபை வரலாறு நமக்குக் கற்பிப்பது



யூபிலி மலர் என்றால் ஆலயம் எழுப்பிய குருக்களின் படங்களும், அடிக்கல் நாட்டிய நாளும், மணிக்கூண்டும் கொடிமரமும் எழுந்த வரலாறும் அதில் இடம்பெறுவது முறை. அவை இடம்பெறத்தான் வேண்டும். ஆனால் ஒரு பங்கு என்பது கல்லும் சுண்ணாம்பும் மட்டும் அன்று. விடியுமுன் எழுந்து மணி அடித்தவர், பீடத் துணிகளை வெளுத்து மடித்தவர், சிறுவருக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்தவர், சாவுப் படுக்கையில் கிடந்தவரின் அருகிருந்து செபமாலை சொன்னவர், உண்டியல் காசை ஒன்றுவிடாமல் எண்ணிக் கணக்கெழுதியவர் என எத்தனையோ பேரின் உழைப்பினால் பங்கு வாழ்கிறது. இவர்களுள் பெரும்பாலோருடைய பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

இப்படிப்பட்ட பணியாளர்களைப் பற்றி எழுதப் புகும்போது ஒரு கேள்வி நம் முன் நிற்கிறது. யாருக்கு எந்தப் பணியைக் கொடுப்பது? வசதி உள்ளவருக்கா, வயதில் மூத்தவருக்கா, தந்தை செய்த பணி என்பதால் மகனுக்கா, வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதால் கண்ணில் பட்டவருக்கா? அல்லது அந்தப் பணிக்குரிய வரத்தை இறைவன் யாருக்கு அளித்திருக்கிறாரோ அவருக்கா? உலக அரசுகளுக்கும் இக்கேள்வி உண்டு. அதனாலேயே திருவள்ளுவரும் தெரிந்து வினையாடல் என்று ஓர் அதிகாரம் வகுத்தார். ஆனால் திருச்சபைக்கு இது நிர்வாகக் கேள்வி மட்டும் அன்று. தூய ஆவியார் அளித்த கொடையை நாம் மதிக்கிறோமா, மண்ணில் புதைக்கிறோமா என்ற விசுவாசக் கேள்வியும் ஆகும். இரண்டாயிரம் ஆண்டு வரலாறு இதற்கு என்ன விடை தருகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

எருசலேமில் எழுந்த முறைப்பாடு

திருச்சபையில் முதன்முதல் எழுந்த பணிப் பங்கீட்டுச் சிக்கல் உணவுப் பந்தியில் எழுந்தது. எருசலேமில் சீடரின் தொகை பெருகியபோது, கிரேக்க மொழி பேசியோர் எபிரேய மொழி பேசியோருக்கு எதிராக முறையிட்டனர். நாள்தோறும் உணவு பகிரும்போது தங்கள் விதவைகள் விடுபட்டுப் போகிறார்கள் என்பது அவர்களுடைய மனக்குறை. திருத்தூதர் பணி நூலின் 6-ஆம் அதிகாரம் இதை மறைக்காமல் சொல்லுகிறது.

பன்னிருவரும் என்ன செய்தார்கள்? முறையிட்டவர்களை அதட்டி அடக்கவில்லை. எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று தலையில் சுமந்துகொள்ளவும் இல்லை. செபமும் இறைவார்த்தையும் தங்களுக்குரிய பணி என்பதை உணர்ந்து, பந்திப் பணிக்குத் தகுந்தவர்களைத் தேடும் பொறுப்பை மக்களிடமே விட்டார்கள். தேடுவதற்கு மூன்று அடையாளங்களையும் கொடுத்தார்கள். நற்பெயர் வேண்டும், தூய ஆவி நிறைந்திருக்க வேண்டும், ஞானம் வேண்டும். உணவு பகிரும் வேலைக்கு இத்தனை தகுதியா என்று நமக்குத் தோன்றலாம். பசித்த விதவையின் முன் உணவு வைப்பது சிறிய பணி என்று திருத்தூதர்கள் எண்ணவில்லை.

மக்கள் எழுவரைத் தெரிந்தெடுத்தனர். எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். அவர்களுள் நிக்கொலா என்பவர் அந்தியோக்கியாவிலிருந்து யூத மறையைத் தழுவியவர். முறையிட்ட தரப்பாரின் மொழியும் வேதனையும் தெரிந்தவர்களிடமே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது எனக் கொள்ள இது இடம் தருகிறது. திருத்தூதர்கள் செபித்து அவர்கள்மேல் கைகளை வைத்தார்கள். தேடியவர்கள் மக்கள், பணியில் அமர்த்தியவர்கள் திருத்தூதர்கள். இவ்விரண்டும் சேர்ந்ததே திருச்சபையின் முறை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பந்திப் பணிக்கென அமர்த்தப்பட்ட முடியப்பர் விசுவாசத்திற்குச் சான்று பகர்ந்து முதல் மறைசாட்சியானார். பிலிப்பு சமாரியா சென்று நற்செய்தி அறிவித்தார். எத்தியோப்பிய அலுவலருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். ஒரு பணியில் உண்மையாக நின்றவரிடம் வேறு வரங்களும் வெளிப்பட்டபோது, உன் வேலை பந்தியோடு சரி என்று யாரும் அவர்களைத் தடுக்கவில்லை.

கொரிந்து நகரத்துப் போட்டி

இதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பின், ஏறக்குறைய கி.பி. 55-இல், புனித சின்னப்பர் கொரிந்து நகர விசுவாசிகளுக்குத் தம் முதல் திருமுகத்தை எழுதினார். அங்கே சிக்கல் வேறு விதமாயிருந்தது. வரங்களுக்குக் குறைவில்லை, வரங்களைப் பற்றிய பெருமையே குறையாக இருந்தது. பரவசப் பேச்சு போன்ற, காண்போரை வியக்க வைக்கும் வரத்தை உடையவர் உயர்ந்தவராகவும், அமைதியாகப் பணிசெய்வோர் ஒன்றுக்கும் உதவாதவராகவும் எண்ணப்பட்டார்கள்.

சின்னப்பர் திருச்சபையை உடலுக்கு ஒப்பிட்டார். கண்ணுக்குக் கையும், தலைக்குக் காலும் தேவை. வலுவற்றதாகத் தோன்றும் உறுப்பே மிகவும் தேவையானது என்றும் உணர்த்தினார். வரங்களை வரிசைப்படுத்தும்போது, பிறருக்குத் துணைநிற்கும் வரத்தையும் நிர்வாகம் செய்யும் வரத்தையும் அவர் மறக்கவில்லை. கொரிந்தியர் முதலிடம் தந்த பரவசப் பேச்சையோ இறுதியில் வைத்தார். வரம் யாருக்குக் கொடுக்கப்பட்டாலும் பொது நன்மைக்காகவே கொடுக்கப்படுகிறது என்பதே அவர் தந்த அளவுகோல்.

அதே கொரிந்து நகரோடு தொடர்புடைய ஒரு தம்பதியினரையும் இங்கே நினைவுகூர வேண்டும். கூடாரம் செய்யும் தொழிலாளர்களான அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும் சின்னப்பருடன் தங்கித் தொழில் செய்தவர்கள். பின்பு அவர்கள் எபேசு நகரில் இருந்தபோது, அப்பொல்லோ என்ற சொல்வன்மை மிக்கவர் அங்கு வந்தார். மறைநூலில் புலமையும் ஆர்வமும் அவருக்கு இருந்தன; ஆனால் யோவானின் திருமுழுக்கை மட்டுமே அறிந்திருந்தார். தம்பதியினர் அவரைச் சபை நடுவே திருத்தவில்லை. பேச விடாமல் தடுக்கவும் இல்லை. தனியே அழைத்துச் சென்று, இறைநெறியை இன்னும் தெளிவாக எடுத்துரைத்தார்கள். அதன்பின் அப்பொல்லோ கொரிந்தியருக்குப் பெருந்துணையானார். வரம் இருந்தும் பயிற்சி போதாதவரை எப்படி நடத்துவது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்கு வேண்டுவதில்லை.

வாசகர், வாயில்காப்போர், பொருளாளர்

துன்புறுத்தல் காலத்தில் திருச்சபை எவ்வாறு பணிகளைப் பகிர்ந்துகொண்டது என்பதைக் காட்டும் ஓர் அரிய கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. கி.பி. 251-இல் திருத்தந்தை புனித கொர்னேலியு அந்தியோக்கிய ஆயருக்கு எழுதியது அது. அப்போது உரோமைத் திருச்சபையில் ஆயர் ஒருவரும் குருக்கள் 46 பேரும் தியாக்கோன்கள் 7 பேரும் துணைத் தியாக்கோன்கள் 7 பேரும் பீடத்துணைவர் 42 பேரும் இருந்தார்கள். பேயோட்டுவோரும் வாசகரும் வாயில்காப்போருமாகச் சேர்ந்து 52 பேர் இருந்தார்கள். திருச்சபையின் ஆதரவில் வாழ்ந்த விதவைகளும் எளியோரும் 1,500-க்கும் மேற்பட்டோர். திருத்தந்தை தம் கடிதத்தில் குருக்களை எண்ணியதுபோலவே வாயில்காப்போரையும் விதவைகளையும் கணக்கில் சேர்த்திருப்பதை நாம் காண்கிறோம்.

அதே காலத்தில் ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயராயிருந்த புனித சிப்பிரியான், அவுரேலியு என்ற இளைஞரை வாசகராக அமர்த்தினார். விசுவாசத்திற்காக இருமுறை அதிகாரிகள்முன் நிறுத்தப்பட்டும் கிறிஸ்துவை மறுதலிக்காதவர் அந்த இளைஞர். ஆண்டவரை அறிக்கையிட்ட நாவே ஆண்டவருடைய நற்செய்தியை வாசிக்கத் தகுந்தது என்று ஆயர் கருதினார். குருக்களையும் மக்களையும் கலந்துகொண்டே இவ்வாறு நியமிப்பது தம் வழக்கம் என்பதையும் அவர் தம் கடிதத்தில் தெரிவிக்கிறார். வாசகத்திற்கு எழுத்தறிவும் குரலும் வேண்டும். அவற்றோடு வாழ்வும் சேர வேண்டும் என்பதை இந்நியமனம் எடுத்துக்காட்டுகிறது.

கி.பி. 258-இல் மறைசாட்சியான தியாக்கோன் புனித லாரன்சு, உரோமைத் திருச்சபையின் உடைமைகளைக் காத்து ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்தவர். திருச்சபையின் செல்வத்தைக் கொண்டுவா என்று அதிகாரி கேட்டபோது அவர் ஏழைகளைக் கூட்டிவந்து நிறுத்தினார் என்பது மரபு. கணக்கு வைக்கத் தெரிந்தவர் பலர் இருக்கலாம். பணம் யாருக்குரியது என்று தெரிந்தவரே பொருளாளர் பணிக்குத் தகுந்தவர்.

மடத்தில் கற்ற பாடம்

6-ஆம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு ஓர் ஒழுங்கு நூல் எழுதினார். பணியை ஆளுக்கேற்பக் கொடுப்பதில் அந்நூல் காட்டும் நுட்பம் வியப்புக்குரியது. உணவு வேளையில் வாசிப்பது, கையில் அகப்பட்ட நூலை எடுத்து எவரும் செய்துவிடும் செயலாக இருக்கலாகாது. கேட்போருக்குப் பயன்படும்படி வாசிக்கக்கூடியவரே வாசிக்க வேண்டும். முறை வைத்து வரிசையாக எல்லாரும் வாசிப்பது வேண்டாம் என்கிறார். வாயிலில் ஞானமுள்ள முதியவரை அமர்த்தச் சொல்லுகிறார். வருவோரின் சொல்லைக் கேட்கவும் தக்க மறுமொழி தரவும் அவருக்குத் தெரியும். அலைந்து திரியாமல் ஓரிடத்தில் இருக்கும் வயதும் அவருக்கு உண்டு. முதுமை ஓய்வுபெறும் காரணமாக அன்றி, ஒரு பணிக்குரிய தகுதியாகவே இங்கு மதிக்கப்படுகிறது.

பண்டசாலைப் பொறுப்பாளர் கேட்டதைக் கொடுக்க இயலாதபோது நல்ல சொல்லையாவது கொடுக்க வேண்டும் என்கிறார். மடத்தில் கைத்தொழில் வல்லவர்கள் இருந்தால் தாழ்மையோடு தங்கள் தொழிலைச் செய்யட்டும். தன்னால்தான் மடத்திற்கு வருவாய் என்று ஒருவர் செருக்குற்றால் அந்தத் தொழிலிலிருந்தே அவரை விலக்க வேண்டும் என்கிறார். திறமை மட்டும் போதாது என்பதற்கு இது சான்று.

முத்துக்குளித்துறையில் புனித சவேரியார்

இனி நம் தமிழ் மண்ணுக்கு வருவோம். 1542 மே மாதம் கோவாவில் வந்திறங்கிய புனித பிரான்சிஸ் சவேரியார், அவ்வாண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கே சில ஆண்டுகளுக்கு முன்பே திருமுழுக்குப் பெற்ற மக்கள் ஊர் ஊராக இருந்தார்கள். மறையைக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. அவருக்கோ தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களைத் தேடிப் பிடித்து, செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டு தெருத்தெருவாக மணி அடித்துச் சிறுவர்களைக் கூட்டினார்.

ஒரு மனிதர் எத்தனை ஊர்களுக்குத்தான் போக முடியும்? நோயாளிகள் அழைத்தபோது, செபங்களை நன்றாகக் கற்ற சிறுவர்களைத் தமக்குப் பதிலாக அனுப்பினார். அவர்கள் வீட்டாரையும் அண்டை அயலாரையும் கூட்டி விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லிச் செபித்தார்கள். சிறுவர் என்று அவர் தள்ளவில்லை. அவர்களுடைய நினைவாற்றலையும் ஆர்வத்தையும் வரமாகக் கண்டார். ஊர்தோறும் ஒரு கணக்கப்பிள்ளையை ஏற்படுத்தி, மந்திரம் கற்பிக்கவும், ஆபத்திலிருக்கும் குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கவும், திருமணத்திற்குத் தடை இருந்தால் தெரிவிக்கவும் பொறுப்புக் கொடுத்தார். எழுதவும் கணக்கு வைக்கவும் தெரிந்து ஊராரின் நம்பிக்கையைப் பெற்றவர்களுக்கு அது பொருத்தமான பணி. அவர்களும் குடும்பத்தைக் காக்க வேண்டுமே என்று எண்ணி, போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த பணத்தை அவர்களுடைய ஊதியத்திற்காகக் கேட்டுப் பெற்றார். கணக்கப்பிள்ளைமாரும் சிறுவர்களும் அரசியைப் பரலோகத்திற்கு நடத்திச் செல்லும் காலணிகள் ஆவார்கள் என்பது அவர் எண்ணம்.

சவேரியாருக்குப் பின் அக்கடற்கரையில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு உழைத்தவர் அன்றீக்கே அடிகளார். மொழியைக் கற்கும் வரம் அவரிடம் இருந்ததைச் சவேரியார் கண்டு, தமிழ் இலக்கணம் எழுதப் பணித்தார். அதன் பலனாக 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது. பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். ஆயினும் அதில் எத்தனை பேருடைய வரங்கள் ஒன்றுசேர்ந்தன! மொழிபெயர்க்க ஒருவருக்குத் தெரிந்தது. எழுத்து வார்க்க வேறொருவருக்குத் தெரிந்தது. கோவாவில் தமிழ் எழுத்துகளைச் செதுக்கிய சகோதரர் கொன்சால்வஸ், கருமார வேலை அறிந்தவர். உலைக்களத்துக் கையும் இறைவார்த்தைக்குப் பணி செய்யும் என்பதை அந்தச் சிறு நூல் காட்டுகிறது.

குருவின்றி வாழ்ந்த இலங்கைச் சபை

கடலுக்கு அப்பால், ஒல்லாந்தர் 1658-இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் இலங்கையில் கத்தோலிக்கக் குருக்கள் தடைசெய்யப்பட்டார்கள். 1687-இல் புனித யோசேப் வாஸ் அடிகளார் ஏழைத் தொழிலாளியின் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். இரவில் வீடு வீடாகச் சென்று விசுவாசிகளைத் தேடிக் கண்டுபிடித்தார். குரு ஓர் ஊருக்கு ஆண்டில் ஒருமுறை வருவதே அரிதாயிருந்த காலம் அது. அந்நிலையில் சபைகளைக் கட்டிக்காத்தவர்கள் அண்ணாவிமாரும் மூப்பர்களும். அண்ணாவியார் செபம் நடத்தினார், மறை கற்பித்தார், மரண வேளையில் துணைநின்றார். மூப்பர் ஊரின் ஒழுங்கையும் ஆலயக் காரியங்களையும் கவனித்தார். கற்பிக்கும் வரமும் நடத்தும் வரமும் வேறு வேறு என்பதை அக்காலத்தவர் அறிந்திருந்தார்கள்.

வாஸ் அடிகளாருக்குத் துணையாக 1705-இல் வந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் மொழிவளம் மிக்கவர். அவர் சிங்களத்திலும் தமிழிலும் தேர்ச்சி பெற்று நூல்கள் பல இயற்றினார். கற்றுக்கொடுத்த அண்ணாவிமாருக்கும் அந்நூல்கள் கைக்கொள்ளும் கருவியாயின. 1697-இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது வாஸ் அடிகளாரும் அவருடைய உறவினரான யோசேப் கர்வாலியோ அடிகளாரும் கைவிடப்பட்ட நோயாளிகளைக் கழுவித் துடைத்து உணவூட்டினார்கள். 1711 சனவரி 16-இல் கண்டியில் இறைவனடி சேர்ந்த வாஸ் அடிகளாரை, 2015 சனவரி 14-இல் கொழும்பு மாநகரில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக உயர்த்தினார்.

வேதியரும் கோயில்பிள்ளையும்

தமிழகத்து உள்நாட்டு ஊர்களில் இதே பணியைச் செய்தவர்கள் வேதியர் எனப்பட்டார்கள்; பிற்காலத்தில் உபதேசியார் என்று அழைக்கப்பட்டார்கள். வீரமாமுனிவர் அவர்களுக்கென்றே ‘வேதியர் ஒழுக்கம்’ என்ற நூலை இயற்றினார். பிறருக்குப் போதிப்பவன் முதலில் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்ற கருத்தே அந்நூலின் உயிர். தேம்பாவணி பாடிய பெரும்புலவர், ஊர் ஊராய் நடந்த வேதியருக்காக உரைநடையில் இறங்கி வந்து எழுதினார் என்றால், அப்பணியை அவர் எவ்வளவு மதித்தார் என்பது விளங்கும்.

1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டபின், மதுரை மறைபரப்புத் தளத்தில் குருக்கள் மிகக் குறைந்துபோனார்கள். 1830-களின் இறுதியில் அச்சபையார் மீண்டும் வரும்வரை, பல ஊர்களில் ஞாயிறு செபத்தை நடத்தியும், பிறந்த பிள்ளைக்குத் திருமுழுக்குக் கொடுத்தும், இறந்தோரை அடக்கம் செய்தும் விசுவாசத்தைக் காத்தவர்கள் வேதியரும் கோயில்பிள்ளைகளும்தாம்.

குருவோ வேதியரோ அல்லாத ஒருவருக்கும் போதிக்கும் வரம் அருளப்படும் என்பதற்குப் புனித தேவசகாயத்தின் வரலாறே சான்று. திருவிதாங்கூர் அரசில் பணிபுரிந்த அவர் துயருற்றிருந்தபோது, ஒல்லாந்துப் படைத்தலைவர் தெலன்னாய் யோபுவின் வரலாற்றைச் சொல்லி அவரைத் தேற்றினார் என்பர். போர்வீரர் ஒருவரின் ஆறுதல் மொழியே அவரைக் கிறிஸ்துவிடம் அழைத்து வந்தது. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம் 1752 சனவரி 14-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். எல்லா மக்களோடும் வேற்றுமை பாராமல் பழகினார் என்பது அவர்மீது பகை மூண்டதற்கு ஒரு காரணம்.

பணி உரிமையாக மாறியபோது

வரலாறு முழுவதும் இனிமையாகவே இருந்தது என்று எழுதினால் அது உண்மையாகாது. வரத்தைக் கண்டு கொடுக்கப்பட்ட பணி, காலப்போக்கில் பல ஊர்களில் குடும்பச் சொத்தாக மாறியது. தந்தைக்குப் பின் மகன் என்றும், இன்ன வகையறாவுக்கு இன்ன மரியாதை என்றும் வழக்கங்கள் ஏற்பட்டன. தேர் வடத்தை யார் முதலில் தொடுவது, கொடியை யார் ஏந்துவது, ஆலயத்தில் யார் எங்கே அமர்வது என்ற வழக்குகள் திருநாளையே நிறுத்திவிட்ட ஊர்களும் உண்டு.

புனித தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் எழுந்த ஆலயத்தினுள் சாதியின் பெயரால் மக்களைப் பிரித்த ஒரு சுவர் நின்றது. 1910-இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும் சுவர் மீண்டும் எழவில்லை. இதை நாம் ஒருவரையும் புண்படுத்துவதற்காக எழுதவில்லை. கண்ணுக்குத் தெரிந்த சுவரை இடிப்பது ஒரு நாள் வேலை. பணிகளைப் பிறப்பின்படி பங்கிடும் மனச்சுவரை இடிக்கத் தலைமுறைகள் ஆகின்றன. அச்சுவர் நிற்கும் இடத்தில் எத்தனை வரங்கள் வெளியே வராமல் மடிந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் நெஞ்சம் பதறும். பாட வந்த குரலை, கற்பிக்க வந்த அறிவை, பீடத்தருகே நிற்க ஆசைப்பட்ட பிள்ளையைத் திருப்பி அனுப்பியவர்கள், தூய ஆவியாரின் கொடையையே திருப்பி அனுப்பினார்கள்.

சங்கம் திறந்த வாயில்

நம் காலத்தை ஒட்டி, இரண்டாம் வத்திக்கான் சங்கம் இப்பழைய உண்மையைப் புதிதாக எடுத்துரைத்தது. திருச்சபையைப் பற்றிய 1964 நவம்பர் 21-ஆம் நாள் கொள்கை விளக்கத்திலும், பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றிய 1965 நவம்பர் 18-ஆம் நாள் விதித் தொகுப்பிலும், தூய ஆவியார் எல்லா நிலை விசுவாசிகளுக்கும் வரங்களை அளிக்கிறார் எனக் கற்பித்தது. வரம் பெற்றவருக்கு அதைப் பயன்படுத்தும் உரிமையும் கடமையும் உண்டு. அவ்வரம் உண்மையானதா என்று தேர்ந்தறியும் பொறுப்பு மேய்ப்பர்களுக்கு உண்டு. ஆனால் ஆவியை அணைத்துவிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை என்பது சங்கத்தின் படிப்பினை.

1972 ஆகஸ்ட் 15-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் வாசகர் பணியையும் பீடத்துணைவர் பணியையும், குருத்துவத்திற்குச் செல்லும் படிகளாக மட்டும் வைக்காமல், பொதுநிலையினர்க்கும் உரிய பணிகள் ஆக்கினார். 1973 சனவரியில் நற்கருணை வழங்கும் சிறப்புப் பணியாளரை ஏற்படுத்தவும் வழி செய்தார். 2021 சனவரி 10-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வாசகர், பீடத்துணைவர் பணிகளில் பெண்களும் முறையாக நிலைப்படுத்தப்படலாம் என்று அறிவித்தார். அதே ஆண்டு மே 10-இல் மறைக்கல்விப் பணியாளரை முறையாக நிறுவப்பட்ட பணியாளராக ஏற்றார். முத்துக்குளித்துறைக் கணக்கப்பிள்ளையும், யாழ்ப்பாணத்து அண்ணாவியாரும், நம் ஊர் உபதேசியாரும் பல நூற்றாண்டுகள் ஆற்றிய பணிக்கு உலகத் திருச்சபை தந்த அங்கீகாரமாகவே நாம் இதைக் கொள்ளலாம்.

நம் பங்கில் நாம் செய்ய வேண்டியது

வரலாற்றைப் படித்து மகிழ்ந்துவிட்டு மலரை மூடி வைப்பதற்காக இதை எழுதவில்லை. யூபிலி கணக்குப் பார்க்கும் காலமும் ஆகும். பங்குகளில் சாதாரணமாக நடப்பது என்ன? பள்ளி ஆசிரியர் என்றால் மறைக்கல்வி வகுப்பு அவர் தலையில் விழுகிறது. ஞாயிறன்றும் அதே கரும்பலகையா என்று அவர் மனத்துள் வருந்துகிறார். அவருக்கோ வாரம் ஒருமுறை நோயாளிகளைச் சந்திக்கும் ஆசை. உரத்த குரல் உள்ளவர் வாசகராகிறார். பொருள் உணர்ந்து வாசிக்கக்கூடிய மெல்லிய குரல் பெண், ஒலிபெருக்கி இருந்தும், பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். பேச்சுத்திறன் மிக்கவர் பங்குப் பேரவையில் எல்லாப் பொறுப்பையும் ஏற்கிறார். கணக்கில் புலியான ஒருவரை எவரும் கேட்கவே இல்லை. ஓய்வுபெற்ற பெரியவரை, உங்களுக்கு எதற்கு இந்தச் சிரமம் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆசீர்வாதப்பர் அவரைத்தான் வாயிலில் அமர்த்தினார்.

வரலாறு நமக்குச் சில எளிய வழிகளைக் காட்டுகிறது. முதலாவது, தேடும் பொறுப்பு எல்லாருக்கும் உரியது. எருசலேமில் மக்கள்தாம் எழுவரைக் கண்டுபிடித்தார்கள். உன்னிடம் இந்த வரம் இருக்கிறது என்று பக்கத்து வீட்டார் சொல்லும்வரை தன் வரத்தை அறியாதவர் பலர். ஒவ்வோர் அன்பியமும் தன்னுள் இருக்கும் வரங்களை அடையாளம் கண்டு பங்குத் தந்தைக்குச் சொல்லலாம்.

இரண்டாவது, கேட்டுக் கொடுக்க வேண்டும். பெயரைப் பட்டியலில் எழுதிவிட்டுப் பிறகு அறிவிப்பது எளிது. எந்தப் பணி உங்கள் மனத்துக்கு நிறைவு தருகிறது என்று கேட்பது சற்றுக் கடினம். ஆனால் அப்படிக் கேட்டுக் கொடுத்த பணியே நிலைக்கும்.

மூன்றாவது, பயிற்சி அளிக்க வேண்டும். அப்பொல்லோவைத் தனியே அழைத்துச் சென்ற அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும் நம் பங்கிலும் வேண்டும். பலிபீடத்தின்முன் தடுமாறியவரைப் பார்த்துச் சிரித்துவிட்டால் அவர் அடுத்த ஞாயிறு வரமாட்டார்.

நான்காவது, காலவரை வேண்டும். மூன்று ஆண்டு செய்தபின் பணியை அடுத்தவருக்கு முகமலர்ச்சியோடு ஒப்படைப்பதும், வேறு வரம் வெளிப்பட்டால் வேறு பணிக்குச் செல்வதும் இழுக்கன்று. பிலிப்பு பந்தியிலிருந்து சமாரியாவுக்குச் சென்றார்.

ஒரு தவறான முடிவுக்கும் நாம் வந்துவிடலாகாது. எனக்கு அந்த வரம் இல்லை என்று சொல்லி, துடைப்பத்தைத் தொடாதிருக்க இது சாக்கு அன்று. திருநாளுக்கு முந்தின இரவு ஆலய முற்றத்தைக் கூட்டுவதற்குத் தனி வரம் தேவையில்லை; அன்பு போதும். வரங்களைப் பற்றி எழுதிய சின்னப்பரே அடுத்த அதிகாரத்தில் அன்பைப் பற்றி எழுதினார். அன்பில்லாத வரம் வெறும் ஓசை என்பது அவர் கண்ட உண்மை.

கல்வெட்டில் பெயர் இல்லாத நம் முன்னோர்களே, நீங்கள் அடித்த மணியின் ஓசை இன்றும் எங்கள் காதில் ஒலிக்கிறது. நீங்கள் சொல்லிக்கொடுத்த மந்திரத்தை எங்கள் பிள்ளைகளும் சொல்லுகிறார்கள். உங்களுக்கு நாம் எழுப்பக்கூடிய நல்ல நினைவுச்சின்னம், நம்மிடையே ஒரு வரமும் வீணாகாமல் பார்த்துக்கொள்வதே. எல்லா வரங்களின் ஊற்றாகிய தூய ஆவியார் நம் பங்குக் குடும்பத்தில் உள்ள பெரியோர், இளையோர், ஆண், பெண் அனைவருக்கும் அவரவர் பணியைக் காட்டியருள்வாராக. ஆண்டவரின் அடிமை என்று தம்மை அழைத்துக்கொண்ட அன்னை மரியாள் நமக்காகப் பரிந்து பேசுவாராக. ஆமென்.